சோசியல் படிப்பு

பணி ஓய்வு பெற்றவர்கள் செடி வளர்ப்பார்கள், அல்லது கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். எனக்கு இரண்டும் கைவரவில்லை. சமூக நல அலுவலகத்தில் உட்கார்ந்துதான் என் தலை நரைத்தது என்பது லூனாஸில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரியும். அதனால் நான் வேலையை விட்ட பிறகும் வேலை என் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. உதவித்தொகை நின்றுபோனால் யாரைப் பார்க்க வேண்டும், பிறப்புப் பத்திரத்தில் அப்பன் பெயர் விடுபட்டிருந்தால் எங்கே தொடங்க வேண்டும், எந்த முகப்பில், அதாவது கவுண்டரில், கேட்டால் அடுத்த முகப்புக்கு அனுப்புவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எனக்குத் தெரியாத நடைமுறை இல்லை. அதனால் யாருக்கு என்ன நல்லது நடந்துவிட்டது என்று கேட்காதீர்கள்.

நான் சொல்ல வந்த பெண் இரண்டு வரிசை தள்ளி, தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். கூலிமில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. முப்பதைத் தாண்டியவள், கணவன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான், முதல் வகுப்பு படிக்கும் ஒரு மகள். முதலில் அவள் தனக்காக வரவில்லை. கோலா கெத்தில் பக்கம் அவர்கள் முன்பு இருந்த எஸ்டேட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வருவாள். கண் தெரியாத கிழவர், அடையாள அட்டை இல்லாத பெண், இப்படி. விடுமுறை நாளில் தூங்க வேண்டிய நேரத்தில் பேருந்து பிடித்துப் போய் அவர்களோடு முகப்புகளில் நிற்பாள். ஒருநாள் தனியாக வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க செஞ்ச வேலைய நானும் செய்யணும். அதுக்கு என்ன படிக்கணும்?"

"ஒன்னும் படிக்க வேணாம். கோப்ப இந்த மேசையிலருந்து அந்த மேசைக்குத் தூக்கத் தெரிஞ்சா போதும்."

"விளையாடாதீங்கலா, ஆன்ட்டி."

அவள் விளையாடவில்லை. கணவன் இறந்த அன்று மருத்துவமனையில் பிணவறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாளாம்.

"ஆளாளுக்கு வந்து கையெழுத்து கேட்டாங்க. எனக்கு ஒன்னும் காதுல ஏறல. அப்ப ஒரு மலாய்க்கார அக்கா வந்தாங்க, கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு. ஒன்னுமே கேக்கல. ஒரு மைலோ வாங்கிட்டு வந்து கையில குடுத்துட்டு, பக்கத்துல உக்காந்துட்டாங்க. நான் குடிச்சு முடிச்சப்புறம்தான் ஒவ்வொன்னா சொன்னாங்க, எத எங்க போடணும்னு. உங்க வேலை என்னன்னு கேட்டேன். கெர்ஜா சோசியல்னாங்க. நம்ம பாஷை பேசுற ஆளு ஒருத்தர் அங்க உக்காந்திருந்தா எப்படி இருக்கும்னு அப்பவே நெனச்சேன்."

எனக்கு இப்படிப்பட்ட பேச்சு பிடிக்காது. நெஞ்சில் ஈரத்தோடு வேலைக்குச் சேர்ந்தவர்களை நிறையப் பார்த்தவள் நான். அந்த ஈரம் எப்போது காயும் என்று மாதக் கணக்கில் சொல்லிவிடுவேன். ஆனால் வழி கேட்டால் வழி சொல்லித்தான் பழக்கம். போன வருட நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன்.

பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வில் அவளுக்கு மலாய் நன்றாக வந்திருந்தது, கணக்கைக் கோட்டை விட்டிருந்தாள். திரும்பப் போய், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படிக்கிற வயது இல்லை. வேலை அனுபவத்தை மதிப்பிட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு தேர்வு, இதுவரை செய்தவற்றின் சான்றுகளைத் திரட்டிய ஒரு தொகுப்பு, ஒரு நேர்காணல். அதில் தேறினால் சமூகப் பணியில் பகுதிநேரப் பட்டப்படிப்பு. வார இறுதிகளில் சுங்கை பட்டாணியில் வகுப்பு. நடுவில் களப் பயிற்சி வரும். அப்போது சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டும், அதை எந்த மாதம் கேட்டால் தொழிற்சாலையில் கொடுப்பார்கள் என்பதையும் குறித்தேன். பிறகு மருத்துவமனைகளுக்கு விண்ணப்பம், அது கிடைக்காவிட்டால் முதியோர் இல்லம், அதுவும் இல்லாவிட்டால் தொண்டு நிறுவனம். நாற்பது வயதுக்குச் சற்று முன்னால் எல்லாம் முடிந்துவிடும். தாளின் அடியில் என்ன எழுதுவது என்று யோசித்தபோது அவளே சொன்னாள்:

"அட்டைன்னு எழுதுங்க ஆன்ட்டி. கழுத்துல மாட்டுறது."

எழுதினேன். என் கையால் போட்ட திட்டங்களிலேயே ஓட்டை இல்லாத திட்டம் அதுதான்.

தொழிற்சாலைப் பேருந்தில் போகவர அவள் படித்தாள். தேர்வில் தேறினாள். சான்றுகளுக்காக, முன்பு உதவி செய்தவர்களிடம் நடந்து நடந்து கையெழுத்து வாங்கினாள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் விரலை உருட்டினார்கள். நேர்காணலில் அவளை நன்றாகவே நடத்தினார்கள். இடம் கிடைத்தது. நான் பயந்த இடங்களில் எல்லாம் கதவு திறந்தது. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இடம் கிடைத்த அன்று அவள் வீட்டில் சொன்னாள்: "அண்ணே, நான் கெர்ஜா சோசியல் படிக்கப் போறேன்."

இந்தப் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். 'கெர்ஜா' என்றால் மலாயில் வேலை. 'சோசியல்' என்ற சொல் இங்கே மலாயிலிருந்து தமிழுக்குள் வந்து குடியேறி நாளாகிறது. பள்ளிக்கூட சபைகூடலிலும் தொலைக்காட்சியிலும் 'கெஜாலா சோசியல்' என்று முழங்குவார்கள். சமூகச் சீர்கேடு என்று பொருள். போதைப்பொருள், ஓடிப்போவது, கல்யாணத்துக்கு முன்னால் வயிற்றில் வாங்குவது எல்லாம் அதில் அடக்கம். அதனால் ஒரு பெண்ணை "அவ கொஞ்சம் சோசியல்" என்று சொன்னால், அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

மறுநாள் மாலை அவள் வந்து என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அண்ணன், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். அப்போதுதான் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்காலி போட்டார்.

"அக்கா, நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க. புருஷன் இல்லாத பொண்ணு, சனி ஞாயிறு ஆனா சுங்கை பட்டாணிக்கு சோசியல் படிக்கப் போறான்னா வெளிய என்ன பேசுவான்?"

"தம்பி, சோசியல்னா நீங்க நெனைக்கிறது இல்ல."

"என்ன நெனைக்கிறதுன்னு டி.வி.லயே சொல்றான்லா. கெஜாலா சோசியல ஒழிக்கணுங்கிறான். இவ போயி காசு கட்டிப் படிக்கிறேங்கிறா."

"பட்டம் வேற குடுப்பாங்களாம்," என்றாள் அடுப்பங்கரையிலிருந்து அண்ணி. எனக்கே சிரிப்பு வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு மில்லுல லோரி வரிசையில நிக்கிறேன். ஒருத்தன் வந்து கேக்குறான், உன் தங்கச்சி சோசியலாமே, நம்பர் இருக்கான்னு. அவன அடிக்கப் போயிட்டேன், அக்கா."

சொல்லை மாற்றிப் பார்ப்போம் என்று நினைத்தேன். நல அலுவலகத்தை இங்கே எல்லோரும் மலாயில் கெபாஜிக்கான் என்றுதான் சொல்வார்கள். "நான் வேலை செஞ்சேனே கெபாஜிக்கான், அந்தப் படிப்புதான்" என்றேன். மூலையில் உட்கார்ந்திருந்த அவர்களுடைய அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளைங்கள தூக்கிட்டுப் போற ஆளுங்களா? எஸ்டேட்டுல அந்த வேன் வந்தா நாங்க பிள்ளைங்கள ரப்பர் காட்டுல ஒளிச்சு வைப்போம்மா. என் மகளுக்கா அந்த வேலை?"

அந்த வேனின் முன் இருக்கையில் நான் உட்கார்ந்து போயிருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கடைசியாகத் தமிழுக்கு வந்தேன். "சமூக சேவைங்க," என்றேன். அண்ணனின் முகம் தெளிந்துவிட்டது.

"அத மொதல்லயே சொல்லலாம்ல? சேவை நல்லதுதானே. யாரு வேணாம்னா? அவதான் இப்பவே செய்யிறாளே. அதுக்கு எதுக்கு படிப்பு? சும்மா செஞ்சா சேவை. சம்பளம் வாங்குனா அது சேவையா அக்கா?"

ஒரு மொழியில் அவள் கெட்டவள், இன்னொன்றில் பிள்ளை பிடிப்பவள், சொந்த மொழியில் சம்பளம் இல்லாதவள். 'சமூகப் பணி' என்று பாடப்புத்தகச் சொல் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. அதைச் சொல்லியிருக்கலாமோ என்று பிறகு தோன்றியது.

"சனி ஞாயிறு மட்டும் பாப்பாவ பாத்துக்குங்க அண்ணே. வேற ஒன்னும் கேக்கல," என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க அக்கா. நீங்களும் இந்த வேலைதான் செஞ்சீங்க. ஊருக்கெல்லாம் பாத்தீங்க. இன்னிக்கு உங்க வீட்டுல பைப்பு உடைஞ்சா நான்தான் வரணும். இவளும் அப்படித் தனியா நிக்கணுமா? நல்ல இடமா ஒன்னு பாத்துட்டு இருக்கேன்."

அது உண்மைதான். போன மாதம் என் வீட்டுக் குழாயைச் சரிசெய்தவர் அவர்தான். கூலி வாங்க மறுத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது.

வெளியே வந்ததும், பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தாள்.

"அண்ணன் வீட்டுல இருந்துகிட்டு, அண்ணன் வேணாங்கிறப்ப பிள்ளைய வெளிய விட்டேன்னா, அப்புறம் நானும் வெளியதான் ஆன்ட்டி. எங்க போறது?"

நான் நடைமுறையைச் சொன்னேன்: பதிவைத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைத்தோம். அடுத்த பருவமும் தள்ளிவைத்தோம். தள்ளிவைப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அது எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அண்ணன் பார்த்த நல்ல இடமும் அமையவில்லை. சோசியல் என்ற பேச்சு அங்கேயும் எட்டியிருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் தொலைபேசியில் அழைத்தாள். பழைய எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் மேட்டிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். மனைவி மட்டும் மருத்துவமனையில் தனியாக இருக்கிறாள். என் காரில் போனோம். வழியில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி, பிளாஸ்டிக் பையில் கட்டிய மைலோ வாங்கிக்கொண்டாள்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அந்தப் பெண் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒருவர் அவள் முன்னால் காகிதங்களை நீட்டிக்கொண்டிருந்தார். கதவில் நின்ற காவலர் இவளிடம் மலாயில் கேட்டார்: சொந்தமா? இல்லை. இங்கே வேலை செய்பவரா? கேட்கும்போதே அவர் கண்கள் அவள் கழுத்துக்குப் போயின. இல்லை. பிறகு நீங்கள் யார்?

அவள் கையிலிருந்த மைலோப் பையைப் பார்த்துவிட்டு, "சஜா" என்றாள். மலாயில், சும்மா.

சும்மா வருபவர்களை உள்ளே விட முடியாது என்று காவலர் மரியாதையாகவே சொன்னார். அவர் சொன்னது சரி. விதி அதுதான், அவர் மறந்திருந்தால் நானே நினைவூட்டியிருப்பேன். மைலோவையாவது கொடுத்துவிடுங்கள் என்று பையை நீட்டினாள். வெளி உணவுக்கும் அனுமதி இல்லை.

காரில் ஏறிய பிறகு அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள். கூலிம் சாலைக்கு வந்ததும் கேட்டாள்:

"ஆன்ட்டி, அந்தப் படிப்ப இன்னும் தள்ளிப் போட முடியுமா?"

"பாப்போம்," என்றேன்.

முகப்பில் முடியாது என்று சொல்ல மனம் வராதபோது நாங்கள் சொல்லும் சொல் அது. எத்தனையோ பேரோடு முகப்புகளில் நின்றவள் அவள். மறுபடி கேட்கவில்லை.