ஒளிய இடமில்லாத புல்வெளி

இன்று மத்தியானம் கனடாவின் எட்மண்டன் பக்கத்துப் புல்வெளியில் தனியாக நெடுந்தூரம் நடந்தேன். சீனி வருத்தத்துக்கு டொக்டர் சொன்ன மருந்து அது.

வெளியோ தோசைக்கல் மாதிரித் தட்டை. தூரத்தில் வருபவர் என் எதிர்க்கடைக்காரர் சிவமண்ணை என்று தெரிந்தும் ஒளிய ஒரு மரமில்லை.

எங்களுக்குள் பேச்சில்லை. அவர் கடையைப் பூட்டாமல் நான் பூட்டமாட்டேன், நான் பூட்டாமல் அவர் பூட்டமாட்டார். இந்தப் பிடிவாதத்தில் ஞாயிறு இரவுகூடப் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிட முடிவதில்லை.

கிட்ட வந்துவிட்டார். பேசாமல் எப்படிப் போவது?

“என்ன அண்ணை, கடையைப் பூட்டிப்போட்டோ வந்தனீங்கள்?”

“ஆசைதான் உமக்கு! மனிசி நிக்கிறா. உம்மட கடையிலை ஆர்?”

“என்ர மனிசிதான்.”

“அப்ப ரெண்டு பேரும் இப்ப றோட்டிலை நிண்டு கதைச்சுக்கொண்டு நிப்பினம். அவையள் ஒருநாளும் கோவமில்லையே, தம்பி.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!”

“எனக்கும் போன கிழமைதான் தெரியும்.”

சிரித்துவிட்டோம். நின்ற இடத்திலேயே பேசி முடித்தாயிற்று. ஆகவே வாடிக்கையாளர்களே, பாலையும் பாணையும் வெள்ளனவே வாங்கிவிடுங்கள்: இனி ஞாயிறுகளில் இரண்டு கடையும் ஆறு மணிக்குப் பூட்டு. நடை மட்டும் தனித்தனி; பிடிவாதம் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டாமா? ஆற்றங்கரை எனக்கு, ரயில் பாதைப் பக்கம் அவருக்கு.