டாக்டரிடம் நான் பேசிய இங்கிலீஷ்

நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஃபேரர் பார்க்கில் சொந்தமாக மளிகைக்கடை வைத்து, வெள்ளைக்காரர்களிடமே இங்கிலீஷில் வியாபாரம் பேசினேன். எதையும் அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் கடைசியில் ‘அட் ஆல்’ போடுவேன். எதிராளி மறுபேச்சு பேசமாட்டார்.

போன வருடம் மனைவிக்கு பிரஷர் மாத்திரை வாங்க கிளினிக் போனோம். வேறு வலி ஏதும் உண்டா என்று சீன டாக்டர் இங்கிலீஷில் கேட்டார். அவளுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு.

“சாப்பிட்டா வயிறு வலிக்குதுங்க. சொல்லுங்களேன்” என்றாள்.

“வெறும் வாயு லா. கடை திறக்கணும், சும்மா இரு” என்று அடக்கிவிட்டு, “நோ பெயின் அட் ஆல், டாக்டர்!” என்றேன். அவர் நம்பிவிட்டார்.

ஆறு மாதம் கழித்து, பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய் முற்றிவிட்டது என்றார்கள். “முன்னாடியே வலி இருந்துச்சாம்மா?” என்று தமிழ் டாக்டரம்மா அவளிடமே கேட்டார். நான் தலைகுனிந்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இல்லம்மா. வலியே இல்ல, அட் ஆல்.”

அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே இங்கிலீஷ் அதுதான்.

அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. “ஓகேவா, அங்கிள்?” என்று கடைக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். அதை அழுத்திச் சொல்ல வாய் வருவதில்லை.