ராஜேஸ்வரி திரும்பிப் போகவில்லை

சனிக்கிழமை காலை மருத்துவமனை மருந்தகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது சிங்காநல்லூரிலிருந்து போன் வந்தது. ராஜேஸ்வரியின் வீட்டுக்காரம்மா பேசினார். "உங்க கூட்டாளி எந்திரிக்கலைங்க அம்மணி. தண்ணி வந்திருக்குது, அவங்க கொடத்தைக் காணமேன்னு கதவைத் தட்டுனேன்..." சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் அந்த லைன் வீட்டுக் குழாயடியில் முதல் குடம் எப்போதும் ராஜேஸ்வரியுடையதுதான். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றார் மருத்துவர்.

மருந்தகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காகவும், ஜன்னலில் சீட்டை நீட்டி அவரிடம் மருந்து வாங்கியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அவருடைய அலுப்பான முகத்தைத்தான் உங்களில் பலருக்குத் தெரியும். அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு நாவல் இருந்தது.

'ஏழாவது மதகு' வாரப் பத்திரிகையில் தொடராக வந்த காலத்தில் ராஜேஸ்வரி கருமத்தம்பட்டியில், கணவர் வீட்டில் இருந்தார். பத்துத் தறி ஓடுகிற வசதியான குடும்பம். அடி உதை கிடையாது. ஆனால் கணவர் அவரோடு பேச மாட்டார். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளி வைப்பார். என்ன வேண்டும் என்பதைத் தன் அக்கா மூலம் சொல்லி அனுப்புவார். நாவலின் நாயகி தெய்வானை ஒருநாள் புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பி, வேறு ஊரில் தனியாக ஓர் அறை எடுத்து, கதவை உள்ளே தாழிட்டு நிம்மதியாகத் தூங்குவாள். கதை அங்கே முடிந்துவிடும். அடுத்த வருடம் ராஜேஸ்வரியும் கிளம்பிச் சிங்காநல்லூருக்கு வந்துவிட்டார்.

கதை படித்துக் கெட்டுப்போனவள் என்று உறவில் பேசிக்கொண்டார்கள். அதைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "கதையா என்னைக் கூட்டிட்டு வந்துச்சு? பஸ் ஏறி நாந்தானுங்க வந்தேன்" என்றார்.

பல வருடம் கழித்து அந்த நாவல் படமானது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குக் காந்திபுரம் போனோம். நாயகி வந்த முதல் காட்சியில் ராஜேஸ்வரி என் கையைப் பிடித்து, "கொண்டை கூட அப்படியே போட்டிருக்கறாங்க பாருங்க" என்றார். இடைவேளை வரை அந்தக் கையை எடுக்கவில்லை. பிறகு படம் வேறு வழியில் போனது. புருஷனுக்குக் காய்ச்சல் வந்தது. தெய்வானை பெட்டியோடு திரும்பி வந்தாள். அவன் அழுதான், அவள் அவன் காலில் விழுந்தாள், பாட்டு வந்தது. தியேட்டரே கைதட்டியது.

வெளியே டீக்கடையில் நான் டைரக்டரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ராஜேஸ்வரி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "உடுங்க. அந்தப் புள்ள நல்லாத்தான் நடிச்சுது. ஊட்டுக்குத் திரும்பி வர்றப்ப அது மூஞ்சில சிரிப்பே இல்லைங்க, கவனிச்சீங்களா? அது புஸ்தகத்தைப் படிச்சிருக்கும்."

அதன்பின்தான் தொல்லை தொடங்கியது. ஆயாவிலிருந்து நர்சு வரை படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "அவளே திரும்பிப் போயிட்டாளேங்க" என்றார்கள். ராஜேஸ்வரி எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு மாத்திரையை எண்ணினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நாத்தனார் விஜயலட்சுமி வந்தார். கையில் ஆப்பிளும் பூவும் இருந்தன.

"ஏம்மா ராஜி, படம் பாத்தியா? நாங்க எல்லாரும் போயிருந்தோம். எனக்கு உன்ற நெனப்புத்தான். வா, போலாம். தம்பி இப்பப் பழைய ஆளு இல்ல. நல்லாப் பேசுறான்."

"எங்கிட்டப் பேசலீங்களே அக்கா. நீங்கதான வந்திருக்கறீங்க?"

"அவனும் வந்திருக்கறான். வெளிய கார்ல உக்காந்திருக்கறான்."

ராஜேஸ்வரி ஜன்னல் வழியாகப் பார்த்தார். நாத்தனாரும் பார்த்தார். கார்க் கண்ணாடி ஏற்றியே இருந்தது. உள்ளே கணவர் நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "காப்பி குடிச்சுட்டுப் போங்க அக்கா" என்றார் ராஜேஸ்வரி. நாத்தனார் குடித்தார்.

ராஜேஸ்வரி இறந்த அந்தச் சனிக்கிழமையும் அதே கார் வந்தது. பின்னாலேயே ஒரு வேனும் வந்தது. உறவுப் பெரியவர்கள் இருவர், "கட்டுனவன் ஊட்டுல இருந்துதான் எடுக்கோணும். ஊர்ல வெச்சுச் செஞ்சாத்தான் மொறை" என்றார்கள். கூட வேலை பார்த்த எனக்கு அங்கே என்ன உரிமை இருக்கிறது? வீட்டுக்காரம்மாவும் சுவரோரம் ஒதுங்கி நின்றார். கணவர் வாசற்படிக்கு வெளியே, கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

விஜயலட்சுமி தலைமாட்டிலிருந்து எழுந்து தம்பியிடம் போனார். "வாயத் தொறந்து நீ சொல்லு. எம்பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. எடுத்துட்டுப் போலாம்."

எல்லோரும் காத்திருந்தோம். அவர் நிமிரவே இல்லை.

"அப்பறம் என்ன?" என்று விஜயலட்சுமி பெரியவர்கள் பக்கம் திரும்பினார். "அவ ஊட்டுல இருந்தே எடுங்க."

அப்படியே எடுத்தார்கள்.

போன மாதம் அந்தப் படத்தை டி.வி.யில் போட்டார்கள். மறுநாள் ராஜேஸ்வரியிடம் பார்த்தாரா என்று கேட்டேன். "பாதியோட நிறுத்திப்போட்டேன். அலுப்பா இருந்துச்சுங்க" என்றார். திரும்பிப் போயிருக்கலாம் என்று எப்போதாவது வருத்தப்பட்டதுண்டா என்று, அத்தனை வருடப் பழக்கத்தில் முதன்முறையாகக் கேட்டேன். ஜன்னலில் கூட்டம் நின்றது. கையிலிருந்த பாட்டிலை மூடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அலுப்பு வேற, வருத்தம் வேறங்க அம்மணி. எனக்கு அலுப்பு மட்டுந்தான். அது தூங்குனாப் போயிரும்."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த வார்த்தைகளைத்தான். இந்த வாரம் எனக்கு இரண்டுமே இருக்கின்றன. எது எது என்று பிரித்துச் சொல்ல மட்டும் தெரிகிறது.