மடைக்கருப்பு முன்னால் மாமா செய்த சத்தியம்

எங்கள் ஊர்க் கண்மாய் மடையோரம் இலுப்பை மரத்தில் செதுக்கிய கருப்பசாமி நிற்கிறார். ஆள் உயரம், முழித்த கண், கையில் அரிவாள். கரையான் அரிக்காமல் இருக்க வருசா வருசம் வேப்பெண்ணெய் தேய்ப்போம். நெல் முற்றும்போது வயலுக்கு வேறு காவல் போட மாட்டோம். அவர் பார்த்துக்கொள்வார். அவர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் அடுத்த அறுப்புவரை உயிரோடு இருக்க மாட்டான் என்பார்கள். சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அதற்கு மேல் போலீசுக்குப் போனால் ஊருக்கே ஆகாது.

அக்காவும் நானும் புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தோம். அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமாதான் அங்கே போர்மேன். வெயில் ஏறிவிட்டால் வெடிமருந்து கலக்கக் கூடாது, தீப்பிடிக்கும். எல்லோருக்கும் தெரியும். தீபாவளி சீசன், ஆர்டர் முடியவில்லை. மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமா அக்காவிடம் வந்தார்.

"ஏட்டி, ஒரு கலவை மட்டும் போட்டுட்டு வந்துரு. லோடு நிக்கி."

"இந்த வெயில்லயா? நீங்க போயிக் கலக்குங்க மாமா, நான் போர்மேனா இருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் போனாள். கலவை வெடித்தது. அவளைத் துணியில் சுற்றித்தான் தந்தார்கள். முகத்தைப் பார்க்க விடவில்லை.

அவளாகவே போய்க் கலக்கினாள் என்று மாமா ஊரிலும் சொன்னார், விசாரிக்க வந்த போலீசிடமும் சொன்னார். நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். அம்மா கையைப் பிடித்தாள். "கருப்பன்கிட்ட வரட்டும்ட்டி. அங்கன பொய் நிக்காது." எனக்கும் அதுதான் பெரிய இடமாகப் பட்டது.

மாமா ஈர வேட்டியோடு வந்தார். அந்த முழித்த கண்ணைப் பார்த்தே, "நான் அவளைப் போகச் சொல்லல" என்று சூடத்தை உள்ளங்கையில் அணைத்தார்.

"பொய்!" என்று கத்தினேன்.

"அணைச்சாச்சு தாயி, இனி பேசப்படாது" என்றார் பூசாரி.

காத்திருந்தேன். பாம்பு கடிக்கும், காய்ச்சல் வரும், பைக்கில் விழுவார் என்று தினமும் எதிர்பார்த்தேன். மாமாவுக்குத் தலைவலிகூட வரவில்லை. அறுப்பும் வந்தது. அவர் வயலில் நல்ல விளைச்சல்.

களத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "கருப்பன் ஏம்மா அவரை ஒண்ணும் செய்யல?"

"நாந்தான் வேண்டிக்கிட்டேன், ஒண்ணும் செஞ்சிராதீகன்னு."

"அப்ப பொய்யின்னு தெரியுமா உனக்கு?"

"எங்கிட்ட வந்து அழுதான்ட்டி. அவ போயிட்டா. கூடப் பெறந்தவன் ஒருத்தன், அவனையும் செயிலுக்கு அனுப்பவா? அதான் உன்னை அங்கன கூட்டிட்டுப் போனேன்."

முறத்தை நிறுத்தாமலே சொன்னாள்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஏட்டையா, "இம்புட்டு நாள் ஏம்மா சொல்லல? யாரு தடுத்தா?" என்றார்.

அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.