மரத்துக்கு அந்தப் பக்கம் பொண்ணு

ஓட்டல் வரவேற்பு மேசைக்காரனுக்குச் சம்பளம் சிரிப்பதற்குத்தான், விளங்கிக்கொள்வதற்கு அல்ல. என்னைப் போல் கவுண்டருக்குப் பின்னால் நின்று குப்பை கொட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் நின்றது திருக்கோவிலூர்ப் பக்கம், துரைமார் காலத்துப் பெரிய ஓட்டலில். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம். சென்னையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மறுநாள் காலை கோயிலில் கல்யாணம். பெண் வீடு நைனார்பாளையம். அவர்கள் இரவுக்குள் வந்துவிடுவதாக ஏற்பாடு.

துரை போட்ட சட்டம்

சாப்பாட்டு அறைக்குள் வெறுங்காலோடு வரக்கூடாது என்று கதவருகே ஒரு பலகை. துரை போய்விட்டார், பலகை போகவில்லை. மத்தியானம் மாப்பிள்ளையின் அப்பா கோயிலிலிருந்து வெறுங்காலோடு வந்தார். வாசலில் விட்ட செருப்பை யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். கூச்சத்தோடு பலகையைக் காட்டினேன்.

"அங்க செருப்போட வராதங்கறாங்க, இங்க செருப்பில்லாம வராதங்கறீங்க. நான் எங்கதான் தம்பி சாப்பிடறது?"

கதவுக்குப் பின்னால்

ஊருக்கு வெளியே, பெண் வீட்டார் வர வேண்டிய கள்ளக்குறிச்சி ரோட்டில் மறியல்காரர்கள் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள் என்று சாயங்காலம் சேதி வந்தது. போனும் கிடைக்கவில்லை. பெண் வருவாளா மாட்டாளா என்று மாப்பிள்ளையின் அத்தை அழுதுகொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஓட்டல் ஆள், சாப்பாட்டு நேரம் என்று அறிவிக்கும் வெண்கலத் தட்டை ஓங்கி அடித்தார். அடித்துக் கொஞ்சம் பொறுத்துத்தான் சாப்பாட்டு அறைக் கதவைத் திறப்பது வழக்கம். அத்தை முகம் கழுவி, கற்பூரத்தோடு வந்து, மூடிய கதவுக்கு முன்னால் கைகூப்பி நின்றார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"உள்ள இன்னா சாமிங்க? கேட்டா குடுக்குமா?"

ரசம்

சமையல்காரர் மாணிக்கத்தைப் பகலெல்லாம் காணோம். ராச் சாப்பாட்டுக்குச் சரியாக வந்து ரசம் வைத்தார். எங்கே போனீர்கள் என்றால், மறியலுக்கு என்கிறார். மரத்தை வெட்டியவர்களில் அவரும் ஒருவர். மாப்பிள்ளையின் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மரத்தைக் கொஞ்சம் நகர்த்தக் கூடாதா என்று கெஞ்சினார். மாணிக்கம் கரண்டியோடு யோசித்தார்.

"சாவுக்கும் பிரசவத்துக்கும்தாங்க வழி வுடறது. கல்யாணத்துக்கு இன்னா பண்றதுன்னு நாங்க யாரும் பேசிக்கலீங்களே. ரசம் ஊத்தட்டுங்களா?"

முகூர்த்தம்

விடிந்தும் பெண்ணைக் காணோம், மாணிக்கத்தையும் காணோம். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. மாப்பிள்ளை வாசலைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அப்போதுதான் ரோட்டில் ஒரு கூட்டம் நடந்து வந்தது. முன்னால் மாணிக்கம், தலையில் டிரங்குப் பெட்டி. பின்னால் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண். வேனை மரத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, மறியல்காரர்களே ஆளுக்கொரு கை கொடுத்து எல்லோரையும் மரத்தைத் தாண்ட வைத்திருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை திரும்பி, சாப்பாட்டு அறைக் கதவுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா மாணிக்கத்தைத் திட்ட வாயெடுத்தார், கும்பிடக் கையெடுத்தார், இரண்டும் நடக்கவில்லை. இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். மாணிக்கம் பெட்டியை இறக்கி வைத்தார்.

"இன்னொரு நாள் சாப்புடறேங்க. மரத்தாண்ட ஆளு கம்மி."

யாரைக் கோபித்துக்கொள்வது, யாருக்கு நன்றி சொல்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வாங்கிய சம்பளத்துக்கு அன்று சிரித்து மட்டும் வைத்தேன்.