ஏர் ரைபிளுக்கு சைலன்சர் பெயிண்ட் அடித்தவன்

இன்று காலை ஷூட்டிங் கிளப்பில் அத்தனை பேர் முன்னாலும் என் மானம் கப்பலேறியது.

ஏற்றிவிட்டவனும் நானேதான்!

என் மனைவி சுதா ஏர் ரைபிள் சுடுபவள். ஆபீஸ் முடிந்தால் கிளப், சனி ஞாயிறும் கிளப். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான்.

(யார் கேட்டாலும் "என் வொய்ஃப் ஷூட்டர்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். ஆனால் அந்த கிளப்புக்குள் காலெடுத்து வைத்ததில்லை. வாசலில் இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவேன்.)

போன வாரம் அவள் சொன்னாள், "ஏங்க, பேரல்ல அங்கங்க துரு பிடிக்குது. கோச் மேம் கிட்ட கேக்கணும்."

கோச் எதற்கு? நான் எதற்கு இருக்கிறேன்?

அவள் சந்தாபுராவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போன நேரம் பார்த்து ஆராய்ச்சியில் இறங்கினேன். ஆயுத பூஜைக்கு எங்கள் ஏரியா ஹெப்பகோடியே பைக்கைக் கழுவிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டில் நிஜமாகவே ஓர் ஆயுதம் இருக்கிறது. அது துருவோடு சாமி முன்னால் உட்காரலாமா!

இந்த குரூப்பில்தான் கேட்டிருந்தேன், "ரைபிள் பேரலுக்கு நல்ல ஹீட் ரெசிஸ்டன்ட் ஸ்ப்ரே எது?" என்று. ஆளாளுக்கு அள்ளி வீசினீர்கள். முந்நூறு டிகிரி தாங்குவது போதும் என்றார் ஒருவர். அறுநூறுக்குக் கீழே வாங்கவே கூடாது என்றார் இன்னொருவர். பளபளப்பா, மேட்டா என்று தனியாக ஒரு சண்டையே நடந்தது.

ஒரே ஒரு நண்பர் மட்டும், "என்ன ரைபிள் ப்ரோ? அவங்க கிட்ட கேட்டீங்களா?" என்றார்.

"சர்ப்ரைஸ் ப்ரோ!" என்று பதில் போட்டேன்.

ஜே.சி. ரோட்டில் ஒரு கடை. பைக் சைலன்சருக்கு அடிக்கும் மேட் பிளாக், அறுநூறு டிகிரி. எந்த வண்டிக்கு என்று கேட்டார் கடைக்காரர். "வண்டி இல்ல சார், ரைபிள்" என்றேன் கெத்தாக. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு பில் போட்டார். (வேறு என்ன செய்வார், பாவம்!)

மொட்டை மாடியில் பேப்பர் விரித்து மூன்று கோட் அடித்தேன். குழாய் வாயை டேப் ஒட்டி மூடினேன். (அந்த அளவுக்கு அறிவு இருந்தது.) முனையில் இருந்த குறி பார்க்கும் வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அது உட்காரும் பள்ளத்துக்கும் சேர்த்துத் தாராளமாக அடித்தேன். காய்ந்ததும் பார்த்தால் ஷோரூம் பீஸ்!

பூஜையன்று சுதா திரும்பி வருவதற்குள் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் ஆகிவிட்டது.

"நீங்களே அடிச்சீங்களா?" என்றாள். குனிந்து பேரலைப் பார்த்தாள். "நல்லாதான் இருக்கு. ஒரு தடவ எடுத்து செக் பண்ணிக்கட்டுமா? நாளைக்கு செலக்‌ஷன் இருக்குல்ல."

கிளப் டீமுக்கான செலக்‌ஷன். போன வருஷம் மயிரிழையில் கைவிட்டுப் போனது. அன்றிலிருந்து இதற்காகத்தான் உழைத்துக்கொண்டிருந்தாள்.

"சாமி கிட்ட வெச்சத மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது சுதா" என்றேன். எங்கள் வீட்டு வழக்கம் அது. அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

இன்று காலை முதல்முறையாக நானும் கிளப்புக்குள் போனேன். (பாராட்டு வாங்கத்தான்!)

சுதா ரைபிளை எடுத்து, வழக்கம்போல எண்ணெய்த் துணியால் பேரலைத் துடைத்தாள். துணி கறுப்பானது. கை கறுப்பானது. சந்தனம் வைத்த இடத்தில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. வளையத்தை மாட்டப் போனால், பள்ளம் முழுக்க பெயிண்ட் அப்பிக்கொண்டு, அது நேராக உட்காரவே இல்லை.

கோச் மேடம் கன்னடமும் தமிழுமாகப் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "அய்யோ, யாரு மாடித்து இது? என்ன பெயிண்ட்?"

"ஹீட் ரெசிஸ்டன்ட் மேம். அறுநூறு டிகிரி தாங்கும்!" எனக்கு இன்னும் திமிர் இறங்கவில்லை.

"சார், அந்த பெயிண்ட் சூடு பட்டாதான் இறுகும். சைலன்சர் சூடாகும், சரி. இது வெறும் காத்துல குண்டு தள்ற ரைபிள். பேரல் எங்க சூடாகும்?"

"இல்ல மேம்... தொடர்ந்து சுடும்போது, புகையெல்லாம் வரும்போது..."

"புகையா?"

பக்கத்து லேனில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கு அப்புறம் யாரும் பொத்தவில்லை.

சுதா மட்டும் சிரிக்கவில்லை. "விடுங்க மேம், அவருக்குத் தெரியாது. நான் சுட்டு அவர் ஒரு தடவகூட பாத்ததில்ல" என்றாள்.

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அதுதான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஊரெல்லாம் அவளைச் சொல்லிப் பெருமையடித்தவனுக்கு, அவள் துப்பாக்கியில் புகை வராது என்பதே தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. இதை டைப் பண்ணும்போதும் அவமானமாகத்தான் இருக்கிறது.

கிளப்பின் பொது ரைபிளைக் கொடுத்தார்கள். அது அவள் தோளுக்குச் சரியாகவே பொருந்தவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் நின்றாள்.

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். மூச்சை அடக்கி, அசையாமல் நிற்கிறாள். டப் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். பால் பொங்கினால் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிற சுதாவா இது! இவ்வளவு நாளும் இதைப் பார்க்காமல் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெயர்களை வாசித்தார்கள். அவள் பெயர் வரவில்லை.

பார்க்கிங்கில் ஹெல்மெட்டை நீட்டிக்கொண்டே கேட்டேன், "பெயிண்டாலதானா?"

"அதெல்லாம் இல்லங்க" என்று சொல்வாள் என்று நம்பினேன்.

"ஆமா" என்றாள்.

ஹெப்பகோடி சிக்னலில் நிற்கும்போது அவளாகவே சொன்னாள், "அடுத்த மாசம் ஒரு மேட்ச் இருக்கு."

"நான் வரலாமா?" என்றேன்.

"வாங்க" என்றாள். "ரெண்டு கையையும் பாக்கெட்லயே வெச்சுக்கிட்டு உக்காருங்க."