பாத்ரூம் என்று ஒட்டியிருந்த சுவிட்ச்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கரண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதில் குற்றமில்லை, எனக்கும் அதிகம் தெரியாது. ஆனால் அவரிடம் லேபிள் அடிக்கும் மிஷின் ஒன்று இருந்தது. அது இருப்பதால் தனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினார். எனக்கு அவர் மேல் மரியாதை வாயளவில்தான். மாமா, வாங்க, போங்க, அவ்வளவுதான்.

அவர்கள் வீடு கள்ளக்குறிச்சியில். கல்வராயன் மலைப் பக்கம் லேசாக இடித்தாலே மாமா வீடு முழுக்க ஓடி எல்லா பிளக்குகளையும் பிடுங்கிப் போடுவார். மழை விட்டதும் எது டிவியுடையது, எது மிக்ஸியுடையது என்று தெரியாமல் வயர்க் குவியலின் முன்னால் உட்கார்ந்து முழிப்பார். அதற்காகத்தான் லேபிள் போட ஆரம்பித்தார். முதலில் பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஓட்டை போட்டு, நூலால் வயரில் கட்டினார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

போனில் வீடியோ பார்த்து மிஷின் வாங்கினார். ஃபேன் சுவிட்சுக்கு 'ஃபேன்' என்று ஒட்டினால் சரி, ஃபிரிட்ஜ் மேலேயே 'ஃபிரிட்ஜ்' என்று ஒட்டினார். வருகிறவர்கள் அதை பீரோ என்று நினைத்துவிடுவார்களாம். பாத்ரூம் ஹீட்டரில் கரண்ட் இருந்தால் எரியும் குட்டிச் சிவப்பு விளக்கு இருந்தது. ஒட்டுவதற்கு வழவழப்பான இடம் அதுதான் என்று, அந்த விளக்கின் மேலேயே 'ஹீட்டர்' என்று ஒட்டிவிட்டார்.

வயர்களைப் பிளாஸ்டிக் டை போட்டு இழுத்துக் கட்டுவார். சுவரோரமாக வரிசையாக கிளிப் அடிப்பார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். மூடியைத் திறந்தால்தான் தெரியும், உள்ளே எல்லாம் வெறும் கறுப்பு டேப். ஹீட்டர் சுவிட்ச் கருகிப்போனபோது அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வயர்களை நேருக்கு நேர் முறுக்கி, டேப் சுற்றி, மேலே மூடி போட்டு மூடினார். மூடியின் மேல் 'ஓகே' என்று லேபிள். அதற்குப் பிறகு ஹீட்டரை நிறுத்த வேண்டுமென்றால் ஹாலில் இருக்கும் மெயின் பாக்ஸுக்குத்தான் போக வேண்டும். யாரும் போவதில்லை, அது எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். ஷாக் அடித்தால் தானாக விழுகிற டிரிப் சுவிட்சையும் எடுத்துவிட்டிருந்தார். கேட்டதற்கு, "நொய்நொய்னு விழுந்துகினே இருக்குது மச்சான், டிவி கூட பாக்க முடியல" என்றார்.

போன வருஷம் தீபாவளி முடிந்து அக்கா போன் செய்தாள்.

"தம்பி, பாத்ரூம் கொழாய தொட்டா சுர்ருங்குதுடா. இவர்கிட்ட சொன்னா, செருப்பு போட்டுகினு குளின்றாரு."

அவள் செருப்போடுதான் குளித்துக்கொண்டிருந்தாள். டெஸ்டரை எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எலவனாசூர்கோட்டையிலிருந்து பஸ் ஏறினேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்று சொன்னதற்கு மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நான் இருக்கசொல்ல எலக்ட்ரீஷியன் இன்னாத்துக்கு? ஹீட்டர கழட்டி, வயர மாத்துனா முடிஞ்சிது."

மெயின் பாக்ஸைத் திறந்தார். அறைக்கொன்றாக வரிசையாகச் சுவிட்சுகள், ஒவ்வொன்றின் கீழும் லேபிள், மேலே ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு. 'பாத்ரூம்' என்று இருந்த சுவிட்சை ஒற்றை விரலால் தட்டிவிட்டார், ஏதோ அணையைத் திறந்துவைக்க வந்த மந்திரியைப் போல.

"ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"பாத்ரூம்னு எழுதியிருக்குதுல்ல? படிக்கத் தெரியும்ல ஒனக்கு?"

அவளுக்குப் படிக்கத் தெரியும். அதனால்தான் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, ஹீட்டர் தண்ணீரை வடிக்க வாளியோடு உள்ளே போனாள். நான் டெஸ்டரை எடுத்துக்கொண்டு பின்னால் போவதற்குள் குழாயில் கை வைத்துவிட்டாள். கத்தக்கூட இல்லை. வாளி உருண்ட சத்தம்தான் கேட்டது.

நான் ஓடிப்போய் மெயினை இறக்கினேன். திரும்பி வந்தபோது அக்கா சுவரில் சாய்ந்து ஈரத்தில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். உயிர் இருந்தது. மாமா வாசலில் நின்று, "ஆஃப்லதான இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. இப்போது நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

அக்காவை ஹாலில் உட்காரவைத்துவிட்டு மறுபடி மெயினை ஏற்றினேன். எல்லா அறைக்கும் கரண்ட் வந்தது. பூஜை ரூமில் சாமி படத்துக்கு முன்னால் எந்நேரமும் எரியும் சின்ன பல்பு மட்டும் எரியவில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் லேபிளைப் பார்த்தார்.

கூச்சமே இல்லாமல் சொன்னார். ஆயுத பூஜையன்று பொட்டு வைக்கும்போதுதான் கவனித்தாராம்.

"மொத சுவிட்சு கக்கூஸுக்கு, கடேசி சுவிட்சு சாமிக்கு. நல்லாவா இருக்குது மச்சான்? சாமி ரூம்தான மொதல்ல இருக்கணும்? அதான் லேபிள மட்டும் பிரிச்சி மாத்தி ஒட்டனேன். வயர்ல கையே வெக்கல."

வயரில் கை வைக்காததைப் பெருமையாகத்தான் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினாள். குரல் உயரவில்லை.

"சாமிக்கு ஷாக் அடிக்காதுங்க. எனக்குத்தான் அடிக்கும்."

மாமா போய் 'பூஜை ரூம்' என்று ஒட்டியிருந்த முதல் சுவிட்சை இறக்கினார்.

மறுநாள் நானே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து ஹீட்டர், சுவிட்ச், எர்த், டிரிப் எல்லாவற்றையும் புதிதாகப் போடவைத்தேன். இப்போது அங்கே பயமில்லை. அக்காவிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டுவாள். ஆனால் காலையில் தண்ணீர் சூடானதும் நேராகப் போய் மெயினை இறக்கிவிட்டுத்தான் குளிக்கப் போவாள். ஃபேன் நிற்கும், டிவியில் நியூஸ் பாதியில் போகும், மாமா பேப்பரால் விசிறிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பார். ஏன் என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

பொங்கலுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். அந்த மெயினின் கீழ் புதிதாக ஒரு லேபிள், 'மெயின்' என்று. அக்கா அதை நகத்தால் சுரண்டி எடுத்துப் போட்டுவிட்டு, சுவிட்சை இறக்கினாள். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.